அக்கா மகன் இருந்த இல்லத்தின் ஆய்வறிக்கையை நான் கேட்கலாமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பையனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் ஊர், இல்லம், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

அவருடைய அக்கா இறந்துவிட்டார். அக்காவின் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். 13 வயதுப் பையனைப் பாட்டி வளர்த்துவந்தார். பாட்டி படுக்கையில் விழுந்ததும், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, அரசு மானியத்தில் நடக்கும் ஒரு தனியார் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். பொங்கல் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சட்டையைக் கழற்றினால், முதுகெல்லாம் தழும்பு. வார்டன் கேபிள் வயரால் அடித்ததாகச் சொன்னான். பேச்சோடு பேச்சாக, "ராத்திரி சார் ரூமுக்குக் கூப்பிடுவாரு, எனக்குப் பிடிக்காது" என்றும் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சித்தி அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார்.

அவன் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினார். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து நலக் குழுவிலிருந்து கூப்பிட்டு, "இதைப் பெரிசாக்காதீங்கம்மா, பையனோட எதிர்காலம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் பையனை வேறு மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள், இவருக்குச் சொல்லவில்லை. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை, யார் பொறுப்பு?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது: குழந்தைகள் தொடர்பான விவரங்கள் ரகசியமானவை, தர இயலாது.

இப்போது அவர் கேட்பவை: இல்லத்தின் ஆய்வறிக்கை எனக்குக் கிடைக்குமா? கண்டுகொள்ளாத அதிகாரிகளைத் தண்டிக்க முடியுமா? வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டால்தான் வேலை நடக்கும் என்கிறார்களே, போடலாமா? பையனை என்னிடமே வைத்துக்கொள்ள முடியுமா? "அப்பா உயிரோடு இருக்கும்போது சித்திக்கு என்ன உரிமை?" என்று எல்லா அலுவலகத்திலும் கேட்கிறார்களே, அது சரியா?

இனி நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி கேபிள் வயரைப் பற்றியது. ராத்திரி அறைக்குக் கூப்பிட்டதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதை எழுதவே உங்களுக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்த விவகாரத்தின் கனமான வரி அதுதான். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது என்று தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. உண்மையா என்று நீங்கள் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியதில்லை. அது காவல்துறையின் வேலை. போக்சோ பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தவறு. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் அது பொருந்தும். தொந்தரவு செய்தவர் இல்லத்தின் ஊழியர் என்றால் தண்டனை கூடும்.

இந்தக் கடமை உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் மனுவைப் பிரித்துப் படித்த அதிகாரிக்கும் உண்டு. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்; ஆறு மாதம்வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. நீங்கள் அலுவலகத்துக்கு எழுதியது நல்லதுதான். ஆனால் சட்டம் சொல்லும் இடம் காவல் நிலையம். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் இப்போது போங்கள். தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

காவல் நிலையத்தில் என்ன சொல்வார்கள்

முதல் பதில் பெரும்பாலும் "இல்லம் எங்க லிமிட்டுல இல்லம்மா" என்பதாக இருக்கும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். பிறகு உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பிக்கொள்ள வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது நல்லது, தமிழ்நாட்டில் போக்சோ வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் பதிவாகின்றன.

இரண்டாவது பதில் கொஞ்சம் சட்டம் தெரிந்தவர் சொல்வது. இல்ல ஊழியர் ஒரு பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்சம்வரை அபராதமும் உண்டு. ஆனால் 2021இல் வந்த திருத்தத்தால், மூன்று முதல் ஏழாண்டுவரை தண்டனை உள்ள இந்தச் சட்டத்தின் குற்றங்களைக் காவல்துறை தானாக விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கான சட்டத்தில் ஏன் இப்படி ஒரு கதவைச் சாத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது: போக்சோ குற்றத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை, ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவுக்கும் தேவையில்லை. ஒரு சம்பவத்தில் ஒரு குற்றமாவது காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடியதாக இருந்தால், மற்றவற்றையும் சேர்த்தே விசாரிக்கலாம்.

அதற்கும் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வழக்குப் பதிந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். கையில் வாங்காமல் வராதீர்கள். பழைய இல்லத்தில் கேமரா இருந்தால் அதன் பதிவுகளை உடனே கைப்பற்றக் கேட்டு, அதையும் மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள்.

யாருக்கு என்ன கடமை, எந்தத் தேதிக்குள்

"யாரும் பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று சட்டம் சொல்லாமல் விடவில்லை. பெயர் சொல்லி, கெடுவும் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. அந்தக் கெடுக்களை நாம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகள் இல்லம் என்று எதை நடத்தினாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 54ஆம் பிரிவின்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும். குறைந்தது மூன்று பேர். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அதிகாரியும் இருக்க வேண்டும். போய்வந்த ஒரு வாரத்தில் அறிக்கை, ஒரு மாதத்தில் அதன்மேல் நடவடிக்கை. நலக் குழுவின் வேலையை ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிக்க வேண்டும். இவை தவிர, இல்லங்கள் எப்படி நடக்கின்றன என்று அரசு தனியாக மதிப்பிட 55ஆம் பிரிவு இருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நீங்கள் நினைக்கலாம். தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வுக் குழு விவகாரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மாமல்லபுரத்தில் அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் சுரண்டலைப் பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு, பத்தாண்டு கழித்து 2017 மே 5 அன்று நாடு முழுவதற்குமான தீர்ப்பாக முடிந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும், ஆய்வுக் குழுக்கள் அமைய வேண்டும், இல்லங்களில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றெல்லாம் நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் உத்தரவிட்டார்கள். ஆகவே "எங்களுக்கு அப்படி ஓர் உத்தரவே வரல" என்று எந்த மாவட்ட அலுவலகமும் இன்று சொல்ல முடியாது.

ஆய்வுக்குப் போவது வேறு, பிள்ளைகளோடு பேசுவது வேறு என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் சாட்சி. அங்கே ஒரு சிறுமிகள் இல்லத்துக்கு அரசு அதிகாரிகள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு சமூகத் தணிக்கைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் நடந்தவை 2018இல் வெளியே வந்தன. வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இல்லத்தை நடத்தியவருக்குச் சாகும்வரை சிறை. நீங்கள் கவனிக்க வேண்டியது பட்டியலின் மற்ற பெயர்களை. அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் அதில் இருந்தார்கள். பாதுகாப்பு அலகின் உதவி இயக்குநராக இருந்த ஒருவர், தெரிந்தும் சொல்லாததற்காக, நான் மேலே சொன்ன அதே 21ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டார்.

எனவே அதிகாரிகளைத் தண்டிக்க முடியுமா என்றால், முடியும். எளிதா என்றால், இல்லை. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். பத்தாண்டு நடந்த வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. விடுதலையானவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள். உங்களிடம் பொய்யாக நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. "அலட்சியம்" என்ற பொதுக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். "இந்தத் தேதியில் இந்த மனு வந்தது, இந்த வரி அதில் இருந்தது, காவல்துறைக்கு அனுப்பவில்லை" என்பது நிற்கும். உங்களிடம் பதிவுத் தபால் ரசீது இருக்கிறது. அதன் பின்னாலேயே போய் ஒப்புகை அட்டையையும் தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தபால் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பட்டுவாடா விவரம் வாங்குங்கள்.

அந்த இரண்டு வரிப் பதில்

ரகசியம் என்று சொன்ன பதில் பாதி சரி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் போன்ற அடையாளங்களை வெளியிடுவதைத் தடுக்கிறது. அது பிள்ளையைக் காப்பதற்கான சட்டம். ஆய்வுக் குழு எந்தத் தேதியில் வந்தது, என்ன எழுதியது, அலுவலகம் என்ன செய்தது என்பதில் பிள்ளையின் அடையாளம் எங்கே இருக்கிறது? அப்படி எங்காவது ஒரு பெயர் இருந்தால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைக்குத் தந்த போர்வையை அதிகாரி இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது.

ஆனால் உங்கள் கேள்வியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையல்ல, பதிவில் இருப்பதைத் தருவதுதான் வேலை என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம், சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். தாளைக் கேளுங்கள். கடந்த மூன்றாண்டில் அந்த இல்லத்துக்கு ஆய்வுக் குழு வந்த தேதிகள். ஒவ்வோர் ஆய்வறிக்கையின் நகல், பிள்ளைகளின் பெயர் மறைத்து. அந்த அறிக்கைகள்மேல் எடுத்த நடவடிக்கையின் நகல். இல்லத்தின் பதிவுச் சான்றிதழ். கொடுத்த மானியத் தொகை, ஆண்டுவாரியாக. உங்கள் மனு வந்த நாளில் தபால் பதிவேட்டில் போட்ட வரிசை எண், அது எந்தெந்த மேசைக்குப் போனது என்று காட்டும் கோப்புக் குறிப்புகள், இன்றைய நிலை. கடைசியாக, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. கோப்பைப் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நகல் தரத் தயங்குகிற அலுவலகம்கூட, கோப்பைக் கொடு உட்கார்ந்து படிக்கிறேன் என்றால் கொஞ்சம் நெளியும்.

பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுத்த பதிலுக்கு எதிராக 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உங்கள் பழைய மனுவுக்கு மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டதால், அதோடு மல்லுக்கட்டாமல் புது மனு போடுவதே சுலபம். காரணமில்லாமல் தகவலை மறுத்தால் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் உண்டு, அதுவும் அவருடைய சம்பளத்திலிருந்து.

வழக்குப் பதிவானதும் இன்னொரு சாக்கு வரும்: விசாரணை நடக்கிறது, 8(1)(எச்) பிரிவின்படி தர முடியாது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் தந்தால் அந்த விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007இலேயே சொல்லியிருக்கிறது. தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே)யைக் காட்டினால், பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்னும் 8(2)ஐ மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

வீடியோ

போடாதீர்கள். முகத்தை மறைத்தும் போடாதீர்கள். குரல், சித்தி என்ற உறவு, ஊர்ப் பேச்சு, வீட்டுச் சுவர், இவற்றை வைத்தே அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். 74ஆம் பிரிவை மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோவிலும் தனித் தடை இருக்கிறது. இப்போது அலுவலகம் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறது. வீடியோவைப் போட்ட மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதைவிடப் பெரியது, அந்தப் பையன் வளர்ந்து காலேஜுக்குப் போகும்போதும் அது எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். வாட்ஸப்பில் உறவினர்களுக்கு அனுப்பியிருந்தால் இனி நிறுத்துங்கள். விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். பையனிடம் இனி நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவே. பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டு, குறுக்கு விசாரணையில் "சித்தி சொல்லிக்கொடுத்தார்" என்று உடைத்த வழக்குகள் உண்டு.

நிருபர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பையனைப் பற்றிப் பேசாமல் அலுவலகத்தைப் பற்றிப் பேசலாம். ஆய்வறிக்கைகள் கைக்கு வந்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டிய குழு எத்தனை முறை வந்தது என்று தேதிகளை மட்டும் கொடுங்கள். நல்ல நிருபருக்கு அது போதும்.

பையனைப் பார்ப்பதும் கூட்டிவருவதும்

நான் எழுதியிருக்கும் வரிசையில் நீங்கள் போக வேண்டியதில்லை. புகார் கொடுக்கும் அன்றைக்கே இதையும் தொடங்குங்கள். அவன் இப்போது இருக்கும் மாவட்டத்தின் நலக் குழுவுக்கும், பழைய நலக் குழுவுக்கும், அவனைச் சந்திக்க அனுமதி கேட்டும், இடமாற்ற ஆணையின் நகல் கேட்டும் எழுதுங்கள். ஆணை என்று ஒன்று இல்லாமலே மாற்றியிருந்தால் அதுவே பெரிய கேள்வி. இருந்தால், அதற்கெதிராகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்களுக்குத் தெரிவிக்காததால் ஏற்பட்ட தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

"சித்திக்கு என்ன உரிமை?" என்ற கேள்விக்கு வருகிறேன். நலக் குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை மட்டுமல்ல, பிள்ளையோடு தொடர்புடைய யாரும் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்சியர் இரு தரப்பையும் கேட்டு ஆணை போட வேண்டும். அதிலே சித்தி இல்லையா? குழந்தைகள் பாதுகாப்பு அலகும் ஆட்சியரின் பார்வையில்தான் நடக்கிறது. தன் வீட்டைத் தானே விசாரிக்கும் சங்கடம் அவருக்கு இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் படியை ஏறிவிட்டு நீதிமன்றத்துக்குப் போவது வலுவானது. திங்கள்கிழமை மனு நாளில் மற்ற மனுக்களோடு போட்டுவிட்டு வராதீர்கள். பட்டா, முதியோர் பென்ஷன் மனுக்களோடு சேர்ந்து அதே பாதுகாப்பு அலகுக்கு "உரிய நடவடிக்கைக்கு" என்று திரும்பிப் போய்விடும். தலைப்பிலேயே "இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 27இன் கீழ் முறையீடு" என்று எழுதி, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி, குடும்பம்தான் முதல் வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அப்பா கைவிட்டுப் போனதற்கு அக்கம்பக்கத்தார் சாட்சி, நீங்கள் இதுவரை பார்த்துக்கொண்டதற்கான பள்ளிப் பதிவு, மருத்துவச் சீட்டு இவற்றை வைத்து, தகுதியான நபராக உங்களிடம் ஒப்படைக்கக் கேட்கலாம். தையல் வருமானத்தில் இன்னொரு வயிறா என்று தயங்கியிருக்கிறீர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படி உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடமும் உங்களுக்குப் பதில் தராத அதே பாதுகாப்பு அலகுதான்; அதற்காகக் கேட்காமல் விட வேண்டாம்.

பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயம். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்து, இல்ல ஊழியர்கள் கைதானதை இந்தத் துறையில் இருக்கும் எங்களால் மறக்க முடியவில்லை. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். உங்கள் பிள்ளைக்கு ஏதாவது நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். வழக்குப் பதிந்ததும், பிள்ளைக்குத் துணை நபர் ஒருவரை நியமிக்க நலக் குழுவிடம் கேளுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம், புதிய இல்லத்தில் அவனை நேரில் பார்த்துவர ஒருவரை அனுப்பக் கேளுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098இல் பேசினால் உங்கள் அழைப்பின் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆணையமும் சி.பி.ஐ.யும்

மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதினால் அதிகாரிகளைச் சஸ்பெண்ட் செய்துவிடும் என்று நம்பியிருக்கிறீர்கள். ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனால் சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகவும் முடியும். அதற்காக எழுதலாம். மனித உரிமை ஆணையத்துக்கும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். வேறோர் ஆணையத்தின் முன் இருக்கும் விவகாரத்தை அது எடுக்காது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தாலும் எடுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் குழந்தைகள் ஆணையத்தைத் தேர்ந்தெடுப்பேன்.

சி.பி.ஐ. விசாரணை இப்போதைக்கு வேண்டாம். மாநில அரசின் சம்மதம் இல்லாமல் அப்படி உத்தரவிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உள்ளூர்க் காவல்துறைக்கு வாய்ப்பே தராமல் போனால் முதல் விசாரணையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்குப் பதிந்தும் நகரவில்லை, ஆட்சியரிடமிருந்து ஆணை இல்லை, ஆய்வறிக்கையும் வரவில்லை என்ற நிலையில் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அரசின் பொறுப்பில் இருக்கும்போது அடிப்படை உரிமை பறிபோனால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்ற நீலபதி பெஹரா தீர்ப்பு 1993இலிருந்து நமக்குத் துணை நிற்கிறது. தனியார் இல்லம்தானே என்று அரசு கைகழுவப் பார்க்கும். பையனை அங்கே அனுப்பியது நலக் குழுவின் ஆணை, இல்லத்துக்கு மானியம் தந்தது அரசு, கண்காணிக்க வேண்டியதும் அரசு.

இவ்வளவு தூரம் போவதற்கு முன்பே உங்களிடம் ஒரு சமாதானப் பேச்சு வரும் என்று எதிர்பார்க்கிறேன். பையனை உங்களோடு அனுப்பிவிடுகிறோம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். உங்கள் நிலையில் யாருக்கும் சரி என்று சொல்லத்தான் தோன்றும். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போக்சோ வழக்கு இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததல்ல, அந்த இல்லத்தில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பையனை உங்களிடம் ஒப்படைப்பது அவனுடைய உரிமையைப் பார்த்து நலக் குழு போட வேண்டிய ஆணை. புகாரோடு அதைக் கோர்க்க யாருக்கும் அதிகாரமில்லை. அப்படி யாராவது பேரம் பேசினால், நிபந்தனையை எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மாட்டார்கள். அன்று அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை அடுத்த வாரமே ஆட்சியருக்கு அனுப்புங்கள்.